அதிர்வு எங்கிருந்து வருகிறது?



கல்வியைப் பற்றி எழுதும் இவ்விடத்தில் இன்று மோட்டார் சைக்கிளைப் பற்றி எழுதப் போகிறேன். வியப்பாக இருக்கலாம். ஆனால், காரணம் இருக்கிறது. நம் தமிழ்ப்பள்ளிகளில், குறிப்பாகத் தோட்டப்புறப் பள்ளிகளில், பிள்ளைகள் பலரை நாள்தோறும் பள்ளிக்குக் கொண்டுவந்து சேர்ப்பது தந்தையின் பழைய மோட்டார் சைக்கிள்தான். அது ஓடினால் பிள்ளை வகுப்பில் இருக்கும். ஓடாவிட்டால், வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயருக்கு நேராக ஒரு வட்டம் விழும். ஆகவே, மோட்டார் சைக்கிளும் நம் கல்விச் சூழலின் ஓர் அங்கமே என்பது என் கருத்து.

என் வகுப்பில் நான்காம் ஆண்டு பயின்ற மாணவி ஒருத்தி, ஒரு பருவத்தில் அடிக்கடி பள்ளிக்கு வராமல் இருந்தாள். அவளுடைய தந்தை செம்பனைத் தோட்டத்தில் புல்வெட்டும் இயந்திரத்தைத் தோளில் சுமந்து வேலை செய்பவர். வீட்டிலிருந்து எங்கள் பள்ளி 13 கிலோமீட்டர். வீட்டுக்கு அருகே உள்ள தேசியப் பள்ளியோ 2 கிலோமீட்டர்தான். பள்ளி வேன் அந்தத் தோட்டத்துக்குள் வருவதில்லை. ஒரு நாள் தந்தையை அழைத்துப் பேசினேன்.

"மோட்டார் ரொம்ப ஆடுது சார். அறுபதுக்கு மேல போனா கை மரத்துப் போகுது. பிரேக்கைப் பிடிச்சிருக்கேனா இல்லையான்னே தெரிய மாட்டேங்குது. பட்டறையில கிராங் போயிடுச்சு, எஞ்சினை ரெண்டாப் பிளக்கணும், பல நூறு வெள்ளி ஆகும்னு சொல்றாங்க. அடுத்த வருசம் பிள்ளையைப் பக்கத்துப் பள்ளிக்கே மாத்திடலாம்னு இருக்கேன்," என்றார்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கு இந்தக் கடைசி வாக்கியத்தின் எடை தெரியும். 150 பேருக்கும் குறைவான மாணவர்கள் பயிலும் பள்ளியை நம் நாட்டில் 'குறைந்த மாணவர் பள்ளி' என வகைப்படுத்துகிறார்கள். தமிழ்ப்பள்ளிகள் பல அந்த வகையிலேயே இருக்கின்றன. அத்தகைய பள்ளியில் ஒரு பிள்ளை விலகுவது ஒரு நாற்காலி காலியாவதோடு முடிவதில்லை. அதற்கும் மேலாக, மூன்றாண்டுகள் நம் மொழியில் எழுதப் படிக்கப் பழகிய ஒரு குழந்தை, ஓர் இயந்திரக் கோளாற்றின் காரணமாக அதை விட்டுவிட்டுப் போவதா என்ற கவலை எனக்கு எழுந்தது.

ஆசிரியர் பயிற்சிப் பருவத்திலிருந்தே பழைய மோட்டார் சைக்கிள்களைக் கழற்றிப் பூட்டுவது எனக்குப் பொழுதுபோக்கு. "எஞ்சினைப் பிளப்பதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை எனக்குக் கொடுங்கள்," என்று அவரிடம் கேட்டேன். அந்தச் சனிக்கிழமையும் அதற்கடுத்த சனிக்கிழமையும் நாங்கள் செய்தவற்றைக் கீழே விவரிக்கிறேன். இதே வகை வண்டி வைத்திருக்கும் பெற்றோருக்கு இது பயன்படும் என நம்புகிறேன்.

எல்லா எஞ்சினும் அதிரும்

வண்டி, ஹோண்டா இ.எக்ஸ். 5. நம் நாட்டில் 'கப்சாய்' என்று செல்லமாக அழைக்கப்படும் வகையைச் சேர்ந்தது. 1958இல் வெளிவந்த ஹோண்டா சூப்பர் கப் வண்டியின் பரம்பரையில் வந்த பிள்ளை இது. அந்தப் பரம்பரையின் உற்பத்தி 2017இல் பத்துக் கோடியைத் தாண்டியது. இவ்வகை வண்டிகளில் ஒரே ஒரு சிலிண்டர், ஏறக்குறையப் படுத்த நிலையில் முன்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். இ.எக்ஸ். 5இன் பழைய வகையில் சிலிண்டரின் விட்டம் 50 மில்லிமீட்டர். பிஸ்டன் நகரும் தூரம் 49.5 மில்லிமீட்டர், கொள்ளளவு 97 சி.சி.

இந்தச் சிறிய எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் கணக்கிட்டுப் பார்ப்போம். நிமிடத்துக்கு 6,000 சுற்று என்றால் வினாடிக்கு 100 சுற்று. பிஸ்டன் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை முன்னே போய் நின்று, திரும்பிப் பின்னே வந்து நிற்கிறது. அதாவது, வினாடிக்கு 200 முறை நின்று திரும்புகிறது. அப்படித் திரும்பும் கணத்தில் அதன் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் ஆயிரம் மடங்கையும் தாண்டுகிறது. 100 கிராம் எடையுள்ள ஒரு பொருளை அப்படி ஆட்டினால், அது 100 கிலோவுக்கும் மேற்பட்ட விசையோடு இழுக்கும். சுற்று வேகம் இருமடங்கானால் இந்த விசை நான்கு மடங்காகும்.

இதைச் சமன் செய்யக் கிராங் தண்டில் ஓர் எதிரெடை வைத்திருக்கிறார்கள். ஆனால், பிஸ்டனின் விசை முழுவதையும் அந்த எதிரெடையால் சமன் செய்ய முடியாது. முழுவதும் சமன் செய்யும் அளவுக்கு அதைக் கனமாக்கினால், அதுவே வண்டியைக் குறுக்குவாட்டில் ஆட்டத் தொடங்கிவிடும். ஆகவே, ஏறக்குறையப் பாதியைச் சமன் செய்து, மீதியை விட்டுவிடுவது வழக்கம். எதிர்த் திசையில் சுழலும் தனித் தண்டுகளைக் கொண்டு மீதியையும் அடக்கும் வழி உண்டு. பெரிய வண்டிகள் பலவற்றில் அத்தகைய தண்டு உண்டு. நம் கப்சாயில் இல்லை. எனவே, ஓரளவு அதிர்வு அதன் பிறவிக் குணம். நாம் தேட வேண்டியது, நேற்றுவரை இல்லாமல் இன்று கூடிவிட்ட அதிர்வை.

கூடிய அதிர்வுக்கு மூன்று வகைக் காரணங்கள் இருக்கலாம். முதலாவது, அதிர்வின் ஊற்றே பெருத்திருக்கலாம். கிராங் தண்டின் பேரிங் தேய்ந்திருக்கலாம். காந்தச் சக்கரம் தளர்ந்திருக்கலாம். சிலிண்டரில் எரிதல் ஒழுங்காக நடக்காமல் போகலாம். இரண்டாவது, ஊற்று பழையபடியே இருக்க, அதைத் தாங்கிப் பிடிக்கும் இடம் தளர்ந்திருக்கலாம். எஞ்சினைச் சட்டத்தோடு இணைக்கும் போல்ட், கால்மிதி, புகைக்குழாய் ஆகியவற்றின் இணைப்புகள் இந்த வகை. மூன்றாவது, அதிர்வு எஞ்சினிலிருந்தே வராமல் இருக்கலாம். சக்கரம், டயர், செயின், பின்சக்கரத்தின் உள்ளே இருக்கும் ரப்பர்கள் முதலியவை இதில் அடங்கும்.

பட்டறையில் நேரே முதல் வகைக்குப் போய்விட்டார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால், மற்ற இரண்டையும் பார்த்துத்தான் முதலாவதற்கு வர வேண்டும். ஏனெனில், மற்ற இரண்டையும் ஸ்பானர் ஒன்றாலேயே சோதித்துவிடலாம். முதலாவதற்கு எஞ்சினைப் பிளக்க வேண்டும். திருவள்ளுவர் மருந்து அதிகாரத்தில் நோயையும் அதன் காரணத்தையும் அறிந்த பிறகே தீர்க்கும் வழிக்குப் போகச் சொல்கிறார். அந்த வரிசை இயந்திரத்துக்கும் பொருந்தும்.

ஸ்பானரைத் தொடுவதற்கு முன்

முதல் அரை மணி நேரம் எந்தப் போல்ட்டையும் தொடவில்லை. ஒரு பயிற்சிப் புத்தகத்தில் கட்டம் போட்டோம். கியர், வேகம், அதிர்வின் அளவு என மூன்று நிரல்கள். அதிர்வுக்குச் சுழியம் முதல் 5 வரை புள்ளி. தந்தை தார்ச்சாலையில் வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து சொல்ல, மகள் எழுதினாள். எழுத்து முத்து முத்தாக இருந்தது.

மூன்றாம் கியரில் 50 கிலோமீட்டர் வேகத்தில் அதிர்வு 5. அதே 50இல் நான்காம் கியரில் 2. நான்காம் கியரில் 65இல் மீண்டும் 5.

இந்த மூன்று வரிகளே பெரும் உண்மையைச் சொல்லிவிட்டன. சக்கரமோ டயரோ காரணமாக இருந்தால், கியர் எதுவானாலும் 50இல் ஒரே அளவுதான் ஆட வேண்டும். ஏனெனில், சாலை வேகம் ஒன்றாக இருந்தால் சக்கரம் சுற்றும் வேகமும் ஒன்றுதான். கியர் மாறியபோது அதிர்வும் மாறியது என்றால், அது எஞ்சினின் சுற்று வேகத்தைப் பின்பற்றுகிறது என்று பொருள்.

இதை அவள் தந்தைக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது, கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மாணவி மெதுவாகச் சொன்னாள்: "சார், மூணாவது கியர்ல அம்பதுல போறப்பவும் நாலாவதுல அறுபத்தஞ்சுல போறப்பவும் எஞ்சின் சத்தம் ஒரே மாதிரிதான் இருக்கும். அந்தச் சத்தம் வந்தாத்தான் எனக்குக் கால் கூசும். அதுக்கு மேல போனா கொஞ்சம் குறையும்."

தந்தை திரும்பிப் பார்த்தார். "இவ்வளவு நாளா ஏம்மா சொல்லல?" என்றார். "யாரும் கேக்கலப்பா," என்றாள்.

அவள் சொன்னது மிகத் துல்லியமான ஒரு கவனிப்பு. ஊஞ்சலை அதன் போக்குக்கு ஏற்ற நேரத்தில் தள்ளினால், சிறு தள்ளலுக்கே அது உயரே போகும். நேரம் தப்பித் தள்ளினால் அவ்வளவு உயராது. வண்டியின் ஒவ்வோர் உறுப்புக்கும் அப்படி ஓர் இயல்பான ஆட்ட வேகம் உண்டு. எஞ்சினின் சுற்று அதனோடு ஒத்துப்போகும்போது ஆட்டம் பெருகுகிறது. அதைக் கடந்தால் தணிகிறது. எஞ்சினின் ஒரு குறிப்பிட்ட ஒலியில் மட்டும் அதிர்வு பெருகி, பிறகு குறைகிறது என்றால், ஏதோ ஒன்று ஊஞ்சலைப் போல ஆட இடம் கிடைத்து ஆடிக்கொண்டிருக்கிறது எனச் சந்தேகிக்கலாம். ஓர் இணைப்பு தளர்ந்தால், அதுவரை எட்டாத வேகத்தில் இருந்த அந்த ஆட்டம் நாம் நாள்தோறும் ஓட்டும் வேகத்துக்குள் இறங்கிவிடுவதும் உண்டு.

அடுத்து, வண்டியை நடுத்தாங்கியில் நிறுத்தி, கியர் போடாமல், அந்த ஒலி வரும்வரை எஞ்சினை முடுக்கினோம். நின்ற இடத்திலேயே கண்ணாடிகள் மங்கலாகத் தெரியும் அளவுக்கு அதிர்வு வந்தது. செயினும் பின்சக்கரமும் ஓடாமலேயே அதிர்வு வருவதால் மூன்றாம் வகை முற்றிலும் கழிந்தது.

எஞ்சினைப் பிளக்காமல் கிராங்கைக் கேட்பது

இனி மீதமிருப்பவை இரண்டு வகைகள். கிராங் பழுதுதானா என்பதை எஞ்சினைப் பிளக்காமலேயே ஓரளவு அறியலாம். மூன்று வழிகளில் பார்த்தோம்.

முதலில், நீண்ட ஸ்குரூ டிரைவரின் முனையை எஞ்சின் உடம்பில் வைத்து, பிடியைக் காதோடு சேர்த்துக் கேட்டோம். மருத்துவர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்பதைப் போலத்தான். தேய்ந்த பேரிங் உறுமும். கனெக்டிங் ராடு தளர்ந்திருந்தால் ஆழத்தில் 'டொக் டொக்' என்று தட்டும். அப்படி ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டாவதாக, எஞ்சின் ஆறிய பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, இடப்பக்க மூடியைத் திறந்து, காந்தச் சக்கரத்தைக் கையால் மேலும் கீழும் அசைத்துப் பார்த்தோம். உணரத்தக்க ஆட்டம் இல்லை. அதன் நட்டும் இறுக்கமாகவே இருந்தது. பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து சக்கரத்தை முன்னும் பின்னும் இலேசாக அசைத்தபோதும் எந்தத் தட்டலும் இல்லை.

மூன்றாவதாக, எஞ்சின் எண்ணெயை வடித்து, வெள்ளைத் தட்டில் ஊற்றி வெயிலில் பார்த்தோம். கறுத்திருந்தது, ஆனால், மின்னும் உலோகத் துகள்கள் இல்லை. தேய்ந்துகொண்டிருக்கும் பேரிங் பெரும்பாலும் எண்ணெயில் தன் தூளை விட்டுச் செல்லும்.

இவை மூன்றும் சேர்ந்து, கிராங்கின் மேல் போட்ட பழியைப் பெருமளவு நீக்கின. ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். தட்டலோ, ஆட்டமோ, உலோகத் தூளோ இருந்திருந்தால் பட்டறை சொன்னதே சரியாகியிருக்கும். அந்நிலையில் மேலும் ஓட்டாமல் எஞ்சினைத் திறப்பதுதான் அறிவுடைமை. எல்லாக் கோளாறும் மலிவாகத் தீரும் என்று நான் சொல்ல வரவில்லை. மலிவான காரணங்கள் இல்லை என்று உறுதி செய்த பிறகே விலை உயர்ந்த காரணத்துக்குப் போக வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

சிவந்த தூள்

இவ்வகை வண்டிகளில் எஞ்சின், பின்பக்கத்தில் உள்ள இரண்டு நீண்ட போல்ட்டுகளால் சட்டத்தோடு இணைக்கப்பட்டு முன்னோக்கித் தொங்குகிறது. மேலே ஒன்று, கீழே ஒன்று. ஓட்டுநரின் கால்மிதித் தண்டோ எஞ்சினின் அடிப்பாகத்திலேயே நான்கு போல்ட்டுகளால் பூட்டப்பட்டிருக்கிறது. அதாவது, நாம் கால் வைப்பது ஏறக்குறைய எஞ்சினின் மீதே.

கைவிளக்கை அடித்துப் பார்த்தபோது மேல் போல்ட்டின் அருகே மிக மெல்லிய, சிவந்த தூள் படிந்திருந்தது. சாதாரணத் துரு இரும்பின் மேல் ஒட்டியிருக்கும். இது விரல் பட்டாலே உதிர்ந்தது. இரண்டு உலோகப் பரப்புகள் ஒன்றோடொன்று ஓயாமல் நுண்ணிய அளவில் உராயும்போது இத்தகைய தூள் வரும். நட்டை ஸ்பானரால் தொட்டுப் பார்த்தால் இறுக்கமாகத்தான் இருந்தது! அதனால்தான் யாரும் அதைச் சந்தேகிக்கவில்லை. எஞ்சின் ஓடும்போது, செயினுக்கும் சூடான குழாய்க்கும் எட்டாத இடத்தில், எஞ்சினும் சட்டமும் சேரும் மூட்டின்மேல் விரலைக் குறுக்கே வைத்துப் பார்த்தேன். இரண்டும் தனித்தனியே அசைவது விரலில் தெரிந்தது.

எஞ்சினின் அடியில் மரக்கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டுப் போல்ட்டை உருவினோம். எப்போதோ யாரோ மாற்றிப் போட்ட போல்ட் அது. அசல் போல்ட்டின் நடுப்பகுதி வழுவழுப்பான தண்டாக இருக்கும். முனையில் மட்டுமே மரை இருக்கும். துளைக்குள் அந்த வழுவழுப்பான தண்டுதான் பொருந்தி நின்று பாரத்தைத் தாங்கும். இதிலோ தலையிலிருந்து முனைவரை மரை. மரையின் கூர்முனைகள் மட்டுமே துளையின் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தன. அவை நாளடைவில் தேய்ந்து மழுங்கிவிட்டன. நட்டு இறுக்கமாகவே இருக்க, உள்ளே தண்டைச் சுற்றி இடைவெளி உருவாகிவிட்டது. அந்த இடைவெளிதான் எங்கள் ஊஞ்சல்.

துளைகளைச் சோதித்தோம், நீள்வட்டமாகும் அளவுக்குத் தேயவில்லை. சட்டத்தில் விரிசலும் இல்லை. இன்னும் சில மாதங்கள் இப்படியே ஓடியிருந்தால் இரண்டுமே நடந்திருக்கக்கூடும். உதிரிப்பாகக் கடையில் இவ்வண்டிக்கே உரிய போல்ட்டும் புதிய நட்டும் வாங்கி வந்தோம்.

தந்தை உற்சாகமாகிவிட்டார். "எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்திடலாம் சார். பிளக், செயின், ரப்பர் எல்லாம்," என்றார். வேண்டாம் என்றேன். ஒரே நேரத்தில் ஐந்தை மாற்றினால், அதிர்வு நின்றாலும் எது காரணம் என்று தெரியாது. மறுபடி வந்தால் மறுபடியும் ஐந்தையும் மாற்ற வேண்டியிருக்கும். ஒன்றை மாற்றுவது, ஓட்டிப் பார்ப்பது, கட்டத்தில் எழுதுவது, பிறகே அடுத்தது. இப்படித்தான் செய்தோம்.

போல்ட்டை மாற்றி, புதிய எண்ணெயும் ஊற்றி ஓட்டியபோது, 65இல் 5 என்றிருந்த அதிர்வு 2ஆகக் குறைந்தது. பிறகு கால்மிதித் தண்டின் நான்கு போல்ட்டுகளைப் பார்த்தோம், இரண்டு தளர்ந்திருந்தன. இறுக்கியதும் கால் கூச்சம் நின்றது. புகைக்குழாயை இரு முனைகளிலும் தளர்த்தி, அது இயல்பாக வந்து அமரும்படி விட்டு, சிலிண்டர் பக்கத்தை முதலிலும் பின்பக்கத்தை அடுத்தும் இறுக்கினோம். வலிந்து இழுத்துப் பூட்டிய புகைக்குழாய் எஞ்சினின் அதிர்வைச் சட்டத்துக்குக் கடத்தும். சேர்த்து வைத்துப் பார்த்தால், மகள் எழுதிய புள்ளி இப்போது 1.

அடுத்த சனிக்கிழமை, வண்டி நின்றிருக்கும்போது வரும் சிறு குலுக்கலைக் கவனித்தோம். அது வேறு காரணம். எஞ்சின் நன்கு ஆறியிருக்கும்போது, காந்தச் சக்கரத்தில் உள்ள 'டி' குறியை நேராக்கி, இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும் நிலையில் வால்வு இடைவெளியை அளந்தோம். இருக்க வேண்டியது 0.05 மில்லிமீட்டர். புகை வெளியேறும் வால்வில் இடைவெளியே இல்லை. இடைவெளி இல்லையென்றால், எஞ்சின் சூடாகும்போது வால்வு முழுமையாக மூடாது, அழுத்தம் கசியும், சில சுற்றுகளில் எரிதல் தவறும். அந்தத் தடுமாற்றமே குலுக்கல். அதைச் சரி செய்து, புதிய ஸ்பார்க் பிளக்கின் இடைவெளியை 0.6 முதல் 0.7 மில்லிமீட்டருக்குள் வைத்துப் பூட்டினோம். எஞ்சின் சீராக நின்று ஓடியது.

போல்ட், நட்டு, பிளக், எண்ணெய் எல்லாம் சேர்த்து ஐம்பது ரிங்கிட்டைத் தாண்டவில்லை.

வகுப்பறைக்கு வருவோம்

ஆசிரியர்களுக்காக ஒன்று சொல்ல விரும்புகிறேன். அதே மாணவி, தேர்வுப் புள்ளிகளின் அடிப்படையில் கணிதக் குறைநீக்கல் வகுப்புக்கான பட்டியலில் இருந்தாள். கட்டம் போட்டு எழுதி, மூன்று எண்களை ஒப்பிட்டு, அவற்றைத் தன் அனுபவத்தோடு பொருத்திப் பார்த்த பிள்ளைக்குக் கணிதத்தில் என்ன குறை என்று எனக்கு ஐயம் எழுந்தது.

மூன்றாம் கியரையும் நான்காம் கியரையும் ஒப்பிட்டதைப் போல ஒரு சோதனை செய்தேன். பிரச்சினைக் கணக்குகள் ஐந்தை அவளே படித்துச் செய்யுமாறு கொடுத்தேன். ஒன்றுதான் சரி. மறுநாள், அதே தரத்தில் வேறு ஐந்து கணக்குகளை நான் வாய்விட்டு வாசித்துக் காட்டினேன். நான்கு சரி! கணக்கு மாறவில்லை; வாசிப்பவர் மட்டுமே மாறினார். ஆகவே, தளர்ந்திருந்தது கணிதம் அன்று, வாசிப்பு. அவள் ஒவ்வொரு சொல்லாக நின்று நின்று படிப்பதால், வாக்கியத்தின் இறுதிக்கு வரும்போது தொடக்கம் மறந்துபோகிறது. அதன்பின் அவளுக்குக் கூடுதலாகக் கொடுத்தது பெருக்கல் வாய்பாடு அன்று. நாளுக்கு நான்கு வரி வாய்விட்டு வாசிக்கும் பயிற்சிதான். முன்னேற்றம் மெதுவாகவே வருகிறது. ஆனால், சரியான இடத்திலிருந்து வருகிறது.

பெற்றோருக்கும் இதையே சொல்வேன். புள்ளிகள் குறைந்தவுடன் பள்ளியை மாற்றுவது, மாதந்தோறும் பெரும் பணம் கட்டி டியூஷனுக்கு அனுப்புவது ஆகியவை எஞ்சினைப் பிளப்பதற்குச் சமம். சில வேளைகளில் அவையும் தேவைப்படலாம். அதற்கு முன், கரும்பலகை கண்ணுக்குத் தெரிகிறதா, காலையில் பசியாறுகிறதா, இரவில் எத்தனை மணிக்கு உறங்குகிறது, யார் பக்கத்தில் அமர்ந்திருக்கிறது என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளையிடமே கேளுங்கள். நாள்தோறும் பின்னால் அமர்ந்து வருபவருக்குத்தான் எந்தச் சத்தத்தில் கால் கூசுகிறது என்று தெரியும்.

கப்சாய் வைத்திருக்கும் பெற்றோர் மாதம் ஒருமுறை பார்க்க வேண்டியவை இவை:

1. எஞ்சினைத் தாங்கும் இரண்டு போல்ட்டுகள். நட்டின் இறுக்கத்தை மட்டும் பாராமல் சிவந்த தூள் இருக்கிறதா என்றும் பாருங்கள்.
2. கால்மிதித் தண்டின் நான்கு போல்ட்டுகள், புகைக்குழாயின் இரு முனைகள்.
3. செயினின் தொய்வு. பொதுவாக 25 முதல் 35 மில்லிமீட்டர். சக்கரத்தைச் சுற்றிப் பல இடங்களில் அளக்க வேண்டும். எஞ்சின் அணைந்திருக்கும்போது மட்டுமே விரல் அருகில் போகலாம்.
4. அடிக்கடி அறுந்துபோகும் விளக்கு பல்பு, தானே கழன்று விழும் எண் பலகைத் திருகு. இவை அதிர்வு கூடுகிறது என்பதன் முன்னறிவிப்பு.
5. கை மரத்துப்போனால் அதைக் களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். பிரேக்கைப் பிடிக்கும் கை உணர்விழப்பது பின்னால் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கும் ஆபத்து. நாள் முழுதும் புல்வெட்டும் இயந்திரம் பிடிப்பவர்கள், வண்டி சரியான பிறகும் விரல்கள் மரத்தாலோ வெளுத்தாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கைப்பிடிக்குத் தடித்த ரப்பர் உறை போட்டால் அதிர்வு குறைந்ததைப் போல் தோன்றும். காரணம் உள்ளேயே இருக்க, அதை அறிவிக்கும் குரலை மட்டும் அடைத்துவிடுகிறோம். உறை போடலாம், ஆனால், போல்ட்டைப் பார்த்த பிறகு போடுங்கள்.

அந்த மாணவி இப்போது எங்கள் பள்ளியிலேயே ஐந்தாம் ஆண்டு பயில்கிறாள். வண்டியில் 65இல் இன்னும் இலேசான அதிர்வு உண்டு. "அதையும் எடுத்துட முடியாதா சார்?" என்று அவள் தந்தை கேட்டார். முடியாது என்றேன். ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் கொஞ்சம் அதிரத்தான் செய்யும். அது ஓடுகிறது என்பதற்கு அதுவே அடையாளம். முப்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் சலசலப்பே கூடாது என்று எதிர்பார்க்கிறவர்களுக்கும் இதையேதான் சொல்ல வேண்டியிருக்கிறது.